சித்திரை வெயிலில் ஒரு கம்பளி

நெல்லைச் சீமையின் சித்திரை வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பகல் இரண்டு மணிக்குத் தார்ச்சாலையில் நடந்தால் செருப்பும் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட ஒரு பகலில் என் பெரியம்மையைப் பார்க்கப் போயிருந்தேன். சேரன்மகாதேவிக்கு அருகே தாமிரபரணிக் கரையில் அவர்கள் ஊர். கூடத்துக் கட்டிலில் கழுத்து வரை கம்பளி போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்கள். எனக்கு வியர்த்துக் கொட்டியது. மின்விசிறியைச் சுழல விட்டேன்.

“ஏல, அந்தக் காத்தாடிய நிறுத்து. ஒடம்பெல்லாம் குளுருது” என்றார்கள்.

நான் சிரித்துவிட்டேன். ஆண்டுதோறும் கல்லூரியில் வெப்ப இயக்கவியல் நடத்துகிறவன் நான். நூறு டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் ஒருவருக்குக் குளிர்கிறது என்றால், அவருடைய உடலுக்குள் எரியும் அடுப்பில் ஏதோ கோளாறு என்று அந்தக் கணமே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பெரியம்மைக்கு அப்போது வயது 58. இரண்டாம் வகை நீரிழிவு நோய் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் மார்கழியில்கூட விடியற்காலை நான்கு மணிக்கு ஆற்றில் முங்கிக் குளித்துவிட்டு வந்து கோலம் போடுகிறவர்கள். கடந்த ஓராண்டாக எல்லாம் மாறிவிட்டது. கை கால் அசதி. மலச்சிக்கல். சாப்பாடு குறைந்தும் எடை கூடியது. தலைமுடி கொட்டியது. தோல் வறண்டு சாம்பல் பூத்தது. குரல் கரகரத்தது. பேரன் பெயரைக் கூப்பிடுவதற்குள் இரண்டு பெயர்கள் மாறி வந்தன. ஒவ்வொன்றுக்கும் எங்கள் வீட்டில் ஒரே பதில்தான். அசதியா? சர்க்கரை. கால் வீக்கமா? சர்க்கரை. விரல் மரத்துப் போகிறதா? அதுவும் சர்க்கரை. ஒரு நோய்க்கு நாம் பெயர் வைத்துவிட்டால் அதன்பிறகு எல்லாத் துன்பங்களையும் அந்தப் பெயரிலேயே வரவு வைத்துவிடுகிறோம்!

இதற்கிடையில் ஒரு நல்ல செய்தி வந்தது. நல்ல செய்தி என்றுதான் நாங்கள் எண்ணினோம். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சர்க்கரை அளவு மாதத்துக்கு மாதம் இறங்கி வந்தது. “சர்க்கரை கட்டுக்குள்ள வந்துட்டு” என்று பெரியப்பா மகிழ்ந்தார்.

வைகாசியில் ஒரு விடியற்காலை பெரியம்மையை எழுப்ப முடியவில்லை. கண் திறந்தார்கள், பேச்சு குழறியது, கை நடுங்கியது, எதிரில் இருப்பவர் யார் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டில் விடுமுறைக்கு வந்திருந்த ஒரு செவிலியர் மாணவி ஓடி வந்து பார்த்தாள். விழுங்க முடிகிறதா என்று ஒரு சொட்டு வைத்துச் சோதித்துவிட்டு, கருப்பட்டியைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். கால் மணி நேரத்தில் பெரியம்மை எழுந்து உட்கார்ந்தார்கள். இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துவிட்டதால் வந்த மயக்கம் அது. (நினைவே இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.)

அன்று மாலை திருநெல்வேலியில் ஒரு மருத்துவரிடம் சென்றோம். அவர் சர்க்கரை மாத்திரையைக் குறைத்ததோடு நிறுத்தவில்லை. பெரியம்மையைப் பேசச் சொல்லிக் குரலைக் கேட்டார். முழங்கையின் தோலைத் தடவிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் முழங்காலிட வைத்து, குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரில் ரப்பர்ச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். பாதம் அசையவே இல்லை. “இங்கே பதில் கிடைக்காது, சர்க்கரை ஏற்கெனவே நரம்பைத் தின்றிருக்கிறது” என்று சொல்லிவிட்டு, சீட்டில் மூன்று எழுத்துகள் எழுதினார்: டி.எஸ்.எச்.

அந்தச் சுத்தியல் சோதனையைப் பின்பு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். தைராய்டுச் சுரப்பி மந்தமாகிவிட்டவருக்குக் குதிகாலில் தட்டினால் பாதம் சட்டென்று அசையும். ஆனால் பழைய நிலைக்குத் திரும்பும்போது மிக மெதுவாகத் திரும்பும். இரத்தப் பரிசோதனைகள் பரவாத காலத்தில் இந்த நேரத்தைக் கருவி வைத்து அளந்தே மருத்துவர்கள் நோயைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் நீண்ட நாள் நீரிழிவு காலின் நரம்புகளைக் கெடுத்திருந்தால் பாதம் அசையவே அசையாது. அசையாத பாதத்தில் எந்த நேரத்தை அளப்பது? ஒரு நோய் மற்றொரு நோயின் அடையாளத்தையே அழித்துவிடுகிறது!

மறுநாள் முடிவு வந்தது. டி.எஸ்.எச். அளவு 62. சாதாரணமாக அது ஏறத்தாழ 0.4-க்கும் 4-க்கும் இடையில் இருக்க வேண்டியது.

அறுபது வாட் விளக்கு

தைராய்டு என்பது கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் ஒட்டிக்கொண்டிருக்கும் நாளமில்லாச் சுரப்பி. எடை 20 கிராம் அளவுதான். உண்ணும் உணவிலிருந்து அயோடினைப் பற்றிச் சேர்த்து, தைராக்சின் என்னும் ஹார்மோனை இது செய்கிறது. ஒரு தைராக்சின் மூலக்கூறில் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன. ஆகவே இதை டி-4 என்பர். உடலின் திசுக்களில் இதிலிருந்து ஓர் அயோடின் அணு கழற்றப்படும்போது டி-3 கிடைக்கிறது. உயிரணுக்களுக்குள் புகுந்து “எரி, வேகமாக எரி” என்று உண்மையில் ஆணையிடுவது இந்த டி-3 தான்.

எவ்வளவு எரிகிறது என்பதை நம் பாடப்புத்தகக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். வயதான ஒரு பெண்மணி ஓய்வாகப் படுத்திருக்கும்போது நாளொன்றுக்கு 1200 கிலோகலோரி செலவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோகலோரி 4184 ஜூல். ஒரு நாளில் 86,400 வினாடிகள். பெருக்கி வகுத்தால் 58 வாட் வருகிறது. சும்மா படுத்திருக்கும் மனிதர், எரிகிற ஓர் அறுபது வாட் குண்டு விளக்கு! தைராய்டு கடுமையாக மந்தப்பட்டால் இந்தச் செலவு 30 விழுக்காடு, சிலருக்கு அதற்கு மேலும் குறையும். அறுபது வாட் விளக்கைக் கழற்றிவிட்டு நாற்பது வாட் விளக்கை மாட்டியது போல. பெரியம்மைக்குச் சித்திரையில் குளிர்ந்ததன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? 1895ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் மாக்னஸ் லெவி என்னும் மருத்துவர், நோயாளிகள் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனை அளந்து, தைராய்டுக்கும் இந்த உள்ளடுப்புக்கும் உள்ள தொடர்பைக் காட்டிவிட்டார்.

அடுப்பு மந்தமானால் எல்லாமே மந்தமாகும். இதயம் மெதுவாகத் துடிக்கும். குடல் மெதுவாக நகரும். எண்ணமும் மெதுவாகவே ஓடும். கல்லீரல் இரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பை அள்ளி எடுப்பதும் குறையும். பெரியம்மைக்குக் கொழுப்பு இறங்கவே இல்லை என்று முன்பு ஓரிடத்தில் அதற்கான மாத்திரையை இருமடங்காக்கியிருந்தார்கள். அதன்பிறகு தொடையில் ஓயாத வலி. தைராய்டுக் குறைவைக் கவனிக்காமல் அந்த மாத்திரையைக் கூட்டினால் தசைவலி வரும் வாய்ப்பு அதிகம் என்பது மருத்துவ நூல்களில் உள்ள செய்தியே. நீரிழிவு உள்ளவரின் இதயக் குழாய்களுக்கு ஏற்கெனவே ஆபத்து. அதன்மேல் இந்தக் கொழுப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கடைமடைக்காரரின் கூச்சல்

டி.எஸ்.எச். என்பது தைராய்டு செய்யும் பொருளன்று. மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பி அதை அனுப்புகிறது. தைராய்டு குறைவாக வேலை செய்யும்போது இது ஏன் கூட வேண்டும்?

நம் ஆற்றையே எடுத்துக்கொள்வோம். பாபநாசத்தில் அணை. அங்கிருந்து இறங்கிவரும் தண்ணீரை வழிநெடுக உள்ள அணைக்கட்டுகள் கால்வாய்களுக்குப் பிரித்து விடுகின்றன. கடைசி அணைக்கட்டு திருவைகுண்டத்தில். தண்ணீர் குறைந்தால் முதலில் குரல் கொடுப்பவர் அந்தக் கடைமடைக்காரர்தான். “தண்ணீர் விடுங்கள்!” என்று மேலே கேட்கும்படி கத்துகிறார். அணையைத் திறந்து நீர் வந்து சேர்ந்ததும் குரல் தணிகிறது. அளவுக்கு மேல் வந்தால் வாயை மூடிக்கொள்கிறார். மின்னணுவியலில் எதிர்ப் பின்னூட்டம் என்று நாங்கள் பாடம் நடத்துவது இதைத்தான்.

உடலில் அணை தைராய்டு, நீர் தைராக்சின், கத்துகிறவர் பிட்யூட்டரி, அவருடைய கூச்சல் டி.எஸ்.எச். அணையே வற்றிவிட்டால்? கத்தக் கத்த நீர் வராது. வராதபோது இன்னும் கத்துவார். கூச்சல் மட்டுமே உயர்ந்துகொண்டு போகும். பெரியம்மையின் 62 அந்தக் கூச்சல்தான்.

இதில் இயற்பியல் மாணவர் இரசிக்க வேண்டிய ஒன்று உண்டு. நீருக்கும் கூச்சலுக்கும் உள்ள உறவு நேர்விகிதமன்று, மடக்கை உறவு. தைராக்சின் பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். இருமடங்காவதில்லை, ஏறத்தாழ நூறு மடங்காகிறது! இயற்கை இங்கே ஒரு பெருக்கியை வைத்திருக்கிறது. அதனால்தான் மருத்துவர் நீரை அளப்பதற்கு முன் கூச்சலை அளக்கிறார். தைராக்சின் சற்றே குறைந்து, ஆயினும் இயல்பான எல்லைக்குள் இருக்கும்போதே டி.எஸ்.எச். ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் கூச்சல் சற்றுக் கூடியதெல்லாம் வறட்சி ஆகிவிடாது. டி.எஸ்.எச். 6, 7 என்று வந்தால் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். வயது முதிர்ந்தோரில் அது இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். பலருக்கு மருந்தே வேண்டியிருக்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்று நிறைய. சில வகைப் பரிசோதனைகளில் அந்தப் பயோட்டின் குறுக்கிட்டு டி.எஸ்.எச். அளவைக் குறைத்துக் காட்டிவிடும். முடி கொட்டுவதே தைராய்டினால் இருக்கக்கூடும். அதற்குச் சாப்பிட்ட மாத்திரையே நோயை மறைத்துவிடவும் கூடும். இரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுவது நல்லது.

சர்க்கரை ஏன் இறங்கியது?

எங்கள் வீட்டில் எல்லாரும் ஏமாந்த இடம் இது. தைராய்டு மந்தமானால் கல்லீரல் இரத்தத்துக்குள் விடும் குளுக்கோஸ் குறைகிறது. குடல் உணவை உறிஞ்சுவது மெதுவாகிறது. பசியும் குறைகிறது. மேலும், இன்சுலினை இரத்தத்திலிருந்து அகற்றும் வேலையும் மெதுவாவதால், சுரந்த இன்சுலின் வழக்கத்தைவிட நீண்ட நேரம் தங்கி நிற்கிறது. பெரியம்மை சாப்பிட்டு வந்ததோ கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரை. மாத்திரையின் அளவு அதேதான், உடல் மாறிவிட்டது. நேற்று வரை சரியாக இருந்த அளவு இன்று மிகையாகிவிட்டது. நோய் குணமாகிறது என்று நாங்கள் மகிழ்ந்த அந்த இறக்கம், உண்மையில் இன்னொரு நோயின் வரவு.

எல்லாருக்கும் இப்படியே நடக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. தைராய்டு மந்தத்தில் தசைகள் குளுக்கோஸை ஏற்பதும் குறையும். அது சர்க்கரையை மேலே இழுக்கும். இரண்டு விசைகள் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. எது வெல்லும் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

மூன்று மாதச் சராசரி என்று சொல்கிறார்களே, அந்த எச்.பி.ஏ-1-சி பரிசோதனையும் இங்கே சற்றுத் தடுமாறும். சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது அது. தைராய்டு குறைந்தவர் உடலில் புதிய சிவப்பணுக்கள் மெதுவாகவே உண்டாகின்றன. ஆகவே பழைய அணுக்களின் பங்கு கூடுகிறது. பழைய அணுவில் ஒட்டிய சர்க்கரை அதிகம். அதனால் முடிவு உள்ளதைவிடச் சற்று உயர்ந்து காட்டும். ஆய்வுக்கூடத்தில் சுழிப்பிழையுள்ள திருகு அளவியைக் கொண்டு அளக்கிறீர்களே, அதுபோல. பெரியம்மைக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைவாகவும் இந்தச் சராசரி கூடுதலாகவும் வந்தது. இரண்டு கருவிகள் இரண்டு விதமாகச் சொன்னால் பொருளில் புதிதாக ஏதோ நடந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை.

ஓர் இயற்பியலாளர் செய்த அளவுகோல்

இரத்தத்தில் டி.எஸ்.எச். எவ்வளவு இருக்கும் தெரியுமா? ஒரு மில்லிலிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்குகூட இல்லை. இன்சுலினும் ஏறக்குறைய அப்படியே. எந்தத் தராசும் எடை போட முடியாத இந்த அளவுகளை அளக்க வழி கண்டவர் மருத்துவர் அல்லர். என் துறைக்காரர் என்று சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

ரோசலின் யாலோ 1921இல் நியூயார்க் நகரில் பிறந்தவர். 1945இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அணுக்கரு இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றார். 1947இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் இருந்த படைவீரர் மருத்துவமனையில் துப்புரவுச் சாமான்கள் வைக்கும் ஓர் அறையை ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு கதிரியக்கப் பொருள்களை மருத்துவத்தில் பயன்படுத்தும் வேலையைத் தொடங்கினார். 1950இல் சாலமன் பெர்சன் என்னும் மருத்துவர் வந்து சேர்ந்தார். தொடக்கத்தில் அவர்கள் ஆராய்ந்தவற்றுள் ஒன்று தைராய்டு. கதிரியக்க அயோடின்-131ஐச் செலுத்தி, சுரப்பி அதை எவ்வளவு வேகமாக ஈர்க்கிறது என்று கதிர் எண்ணியால் அளந்தார்கள். அடுத்து அதே அயோடினை இன்சுலின் மூலக்கூறோடு ஒட்டவைத்து நீரிழிவு நோயாளிகளுக்குச் செலுத்தினார்கள். தைராய்டையும் நீரிழிவையும் ஒரே அயோடின் அணு இணைத்துவிட்டது!

முன்பே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர்களின் இரத்தத்தில் அந்த இன்சுலின் நெடுநேரம் தங்கியது. அவர்கள் உடல் இன்சுலினுக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கிப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று இருவரும் முடிவு செய்தனர். இவ்வளவு சிறிய புரதத்துக்கு எதிர்ப்பொருள் உண்டாகாது என்பது அன்றைய நம்பிக்கை. பெயர் பெற்ற இதழ் ஒன்று கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. இன்னொன்று, தலைப்பில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டால்தான் வெளியிடுவோம் என்றது. 1956இல் அப்படியே வெளிவந்தது. மறுப்புக் கடிதத்தை யாலோ பத்திரமாக வைத்திருந்து, பின்னாளில் தம் நோபல் உரையிலேயே எடுத்துக் காட்டினார்!

அந்த எதிர்ப்பொருளையே அவர்கள் அளவுகோலாக்கினார்கள். எப்படி? நாற்பது இருக்கைகள் உள்ள பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். சந்திப்பு நிலையத்தில் சிவப்புத் தொப்பி அணிந்த நாற்பது பேரும், எத்தனை பேர் என்று தெரியாத வெறுந்தலைக்காரர் கூட்டமும் ஒரே நேரத்தில் ஏறி முண்டியடிக்கிறார்கள். பேருந்து புறப்பட்டதும் உட்கார்ந்திருக்கும் சிவப்புத் தொப்பிகளை மட்டும் எண்ணுங்கள். நாற்பதும் இடம் பிடித்திருந்தால் வெறுந்தலைக்காரர் இல்லை என்று பொருள். இருபதுதான் என்றால் வெறுந்தலைக்காரரும் ஏறத்தாழ நாற்பது பேர் இருந்திருக்க வேண்டும். எதிர்ப்பொருள்தான் இருக்கை; கதிரியக்க அயோடின் ஒட்டிய ஹார்மோன் சிவப்புத் தொப்பி; நோயாளியின் இரத்தத்திலுள்ள ஹார்மோன் வெறுந்தலை.

இந்த அளவுகோல் கைக்கு வந்ததும் 1960இல் அவர்கள் கண்டது பலரைத் திகைக்க வைத்தது. பெரியவர்களுக்கு வரும் நீரிழிவில் இன்சுலினே இல்லை என்று நம்பியிருந்தார்கள். அளந்து பார்த்தால் பலருக்கு அது நன்றாகவே இருந்தது! இருந்தும் உடல் அதன் சொல்லைக் கேட்கவில்லை. இரண்டாம் வகை நீரிழிவைப் பற்றிய இன்றைய அறிவு அங்கிருந்து வளர்ந்தது. பின்னர் அதே முறையில் டி.எஸ்.எச்.-ஐயும் அளந்தார்கள். பெர்சன் 1972இல் காலமாகிவிட்டார். 1977இல் நோபல் பரிசின் ஒரு பாதி யாலோவுக்குக் கிடைத்தது. மறுபாதியைப் பெற்ற கில்லமனும் ஷாலியும் கண்டுபிடித்தவற்றுள் ஒன்று, பிட்யூட்டரியையே தூண்டி டி.எஸ்.எச்.-ஐ விடுவிக்கச் செய்யும் மூளை ஹார்மோன். கடைமடைக்காரருக்கும் மேலே ஒரு மேற்பார்வையாளர் உண்டு போலும்! யாலோ தம் முறைக்குக் காப்புரிமை வாங்கவில்லை. இன்று ஆய்வகங்களில் கதிரியக்கத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் ஒளிவிடும் வேதிப்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். எதிர்ப்பொருளைக் கொண்டு பிடித்து அளப்பது மட்டும் மாறவில்லை.

கடல் பக்கத்தில் இருந்தால் போதுமா?

“நமக்குத்தான் தூத்துக்குடி உப்பு பக்கத்திலேயே இருக்கே, தைராய்டு எப்படி வரும்?” என்று பெரியப்பா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பும் 60 மைக்ரோகிராம் அயோடினும் உள்ளன. அந்த அயோடின் முழுவதும் உப்போடு தங்கிவிட்டாலும் 10 கிராம் உப்பில் 17 மைக்ரோகிராம்தான் கிடைக்கும். நமக்கு நாளொன்றுக்கு வேண்டியது 150. அந்தப் பதினேழிலும் பெரும்பகுதி பாத்தியில் உப்பு விளைந்தபின் வடித்துவிடும் நீரோடு போய்விடும். ஆகவே கடலுப்பு என்பதாலேயே அயோடின் உப்பு ஆகிவிடாது; சேர்க்கத்தான் வேண்டும். இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் இராமலிங்கசுவாமி 1956இல் தொடங்கிய ஆய்வு இப்படிச் சேர்ப்பதன் பயனை மெய்ப்பித்தது. உண்பதற்கான உப்பை அயோடின் சேர்க்காமல் விற்கக் கூடாது என்ற விதி 2006 மே முதல் நாடு முழுதும் நடைமுறையில் உள்ளது. எழுபது ஆண்டு வாழும் ஒருவருக்கு மொத்தம் வேண்டிய அயோடின் நான்கு கிராம்கூட இல்லை. ஒரு தேக்கரண்டியில் அடங்கிவிடும்.

ஆனால் பெரியம்மை வீட்டில் அயோடின் உப்புதான் வாங்கினார்கள். இன்று நம் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தைராய்டு மந்தமாவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு. உடலின் எதிர்ப்பாற்றலே தவறிப்போய்த் தன் சுரப்பியைத் தாக்குகிறது. 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ நான்கு பெண்களிடம் கண்டு விவரித்த நோய் இது. 2013இல் வெளியான ஓர் ஆய்வு சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் 5,376 பேரைச் சோதித்தது. ஏறத்தாழ நூற்றுக்குப் பதினொருவருக்குத் தைராய்டு குறைவு. உள்நாட்டு நகரங்களில் இது சற்றுக் கூடுதல். ஆனால் சென்னை, மும்பை, கோவா ஆகிய கடலோர ஊர்களிலும் ஒன்பதரை விழுக்காடு இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

இனி இதையும் சேர்த்துப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சென்னை ஆய்வாளர்கள் நடத்தி 2023இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு. இரண்டு நோய்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்றே கொண்டாலும், நிகழ்தகவுக் கணக்கின்படி நீரிழிவுள்ள பத்துப் பேரில் ஒருவருக்குத் தைராய்டு குறைவும் இருக்கும். நாடு முழுதும் சுமார் ஒரு கோடிப் பேர்! சிறு வயதில் வரும் முதல் வகை நீரிழிவும் ஹஷிமோட்டோ நோயைப் போல எதிர்ப்பாற்றலின் பிழையால் வருவது. அதனால் அவர்களுக்குத் தைராய்டைத் தவறாமல் பார்க்கிறார்கள். இரண்டாம் வகையில் அப்படி ஒரு பொதுவான வேர் இல்லை. எல்லாருக்கும் சோதிக்க வேண்டுமா, அறிகுறி உள்ளவருக்கு மட்டும் போதுமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. என்னைக் கேட்டால், வெயிலில் குளிர்கிறது என்று ஒரு பெரியவர் சொன்னால் அதையே அறிகுறியாக எடுத்துக்கொள்வேன்.

மாத்திரையும் அரை ஆயுளும்

1891இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்பவர் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஒரு பெண்மணிக்கு ஊசி மூலம் செலுத்தினார். சாகும் நிலையில் இருந்தவர் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். தைராக்சினை 1914 கிறிஸ்துமஸ் நாளன்று கெண்டல் பிரித்தெடுத்தார். 1927இல் ஹாரிங்டனும் பார்கரும் ஆய்வுக்கூடத்தில் அதைத் தயாரித்தனர். இன்று ஆட்டுக்கு வேலையில்லை. கடுகு போன்ற மாத்திரை. அதிலும் மருந்து மைக்ரோகிராம் கணக்கில்தான்.

முதியவர்களுக்கு, அதிலும் இதயக் கோளாறு உள்ளவர்களுக்குச் சிறிய அளவிலேயே தொடங்குவார்கள். அணைந்து கிடந்த அடுப்பை ஒரேயடியாக ஊதிவிட்டால் இதயம் தாங்காது. பெரியம்மைக்கு 25 மைக்ரோகிராமில் தொடங்கினார் மருத்துவர். “ஆறு வாரம் கழித்து வாருங்கள்” என்றார். பெரியப்பாவுக்கு ஏமாற்றம். ஆறு வாரமா?

இரத்தத்தில் தைராக்சினின் அரை ஆயுள் ஏறக்குறைய ஏழு நாள். (அயோடின்-131இன் அரை ஆயுள் எட்டு நாள், இரண்டுக்கும் சமன்பாடு ஒன்றே.) நாள்தோறும் ஒரே அளவு மருந்து சாப்பிட்டால் ஒரு வாரத்தில் இறுதி நிலையின் பாதியை எட்டும், இரண்டு வாரத்தில் முக்கால், ஐந்து வாரத்தில் 97 விழுக்காடு. அதன்பிறகு அளந்தால்தான் அளவு நம்பத்தக்கது. மருந்தை நிறுத்தினாலும் இதே கணக்குத்தான். ஒரு நாள் விட்டால் ஒன்றும் தெரியாது. நான்கு வாரம் விட்டால் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். எங்கள் தெருவிலேயே ஒருவர், “பத்து நாள் நிறுத்திப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை, மாத்திரை வேண்டியதே இல்லை” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்தாம் நாள் அவர் உடலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பழைய மருந்து இருந்தது. அதில்தான் அவர் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்தில் முகம் வீங்கி, இதயத் துடிப்பு தளர்ந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நல்ல வேளையாகப் பிழைத்துவிட்டார்.

தைராக்சின் சரியாகும்போது சர்க்கரை மறுபடி ஏறக்கூடும் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். ஏறியது. கருப்பட்டி மயக்கத்துக்குப் பின் குறைத்த சர்க்கரை மாத்திரையைப் பார்த்துப் பார்த்துக் கூட்டினார். இந்த முறை சர்க்கரை ஏறியதற்காக யாரும் வருந்தவில்லை. கொழுப்பு தானாகவே இறங்கத் தொடங்கியது. அதற்குரிய மாத்திரை பழைய அளவுக்குத் திரும்பியது. காலின் மரப்பு மட்டும் போகவில்லை. அது உண்மையிலேயே சர்க்கரையின் கணக்கு.

மார்கழியில் மறுபடி போயிருந்தேன். டி.எஸ்.எச். 3.1-க்கு வந்திருந்தது. வாசலில் கோலம் இருந்தது. அடுக்களையில், காலை ஐந்து மணிக்கு மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் பெரியம்மை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த மாத்திரை வெறும் வயிற்றில்தான் நன்றாக உறிஞ்சப்படும். காப்பியும் அதைத் தடுக்கும். இரும்பு, கால்சிய மாத்திரைகளானால் நான்கு மணி நேரமாவது தள்ள வேண்டும்.

“எல்லாஞ் சரிதான்ல. காப்பிக்கு ஒரு மணி நேரம் காத்துக் கெடக்கணும்னு வச்சானே, அதுதான் பொறுக்கல” என்றார்கள். கம்பளி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.